கைம்பெண் முதல் சுமங்கலி வரை: இந்தியத் தொழிற்பழகுநர் முறையில் மகளிரும் உதவித்தொகையும்

கட்டடத் தொழிலில் இன்றும் வழங்கும் 'சித்தாள்' என்னும் சொல் 'சிற்றாள்' என்பதன் பேச்சு வடிவம். சிற்றாள் எனின் சிறிய ஆள். கொத்தனாருக்குக் கையுதவியாக நிற்பவர். சொல்லளவில் அது பால் காட்டாதது. வழக்கிலோ அது பெண்ணையே குறிக்கிறது. ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்னும் தலைப்பைக் கண்டவுடன், சித்தாள் ஒரு பெண் என்பதைத் தமிழ் வாசகர் எவரும் கேட்டறிய வேண்டியதில்லை. கல்லும் கலவையும் சுமக்கத் தொடங்கும் ஆண், சில ஆண்டுகளில் கரண்டியைக் கையில் எடுத்துக் கொத்தனாராகிறான். அதே சாரத்தின் கீழ் அவனோடு வேலைக்கு வந்த பெண், முதுமை வரையிலும் சித்தாளாகவே நின்றுவிடுகிறாள். தொடக்கத்தில் இருவரும் செய்தது ஒரே வேலைதான். அவனுக்கு அது பயிற்சியாக அமைந்தது. அவளுக்கு அது கூலி வேலையாகவே முடிந்தது.

பயிற்சி, வேலை என்னும் இரண்டிற்கும் இடையே கோடு வரைவது கட்டடத் தொழிலில் வழக்கம்; ஆலைத் தொழிலில் சட்டம். இளையோர்க்கு ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சியை விரிவாக்க வேண்டும் என்பது அண்மைக்காலத்தில் பெரிதும் பேசப்படும் கருத்து. பெண்களும், ஒடுக்கப்பட்ட பிரிவினரும் அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்பதும் உடன் கூறப்படுகிறது. ஆயின் இந்தியாவில் இவ்விரிவாக்கம் புதிதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பன்முறை நிகழ்ந்துள்ளது. ஒவ்வொரு முறையும் இரண்டு வினாக்கள் விடையின்றி விடப்பட்டன. பழகுநர் பெறும் பணம் கூலியா, அன்றா என்பது ஒன்று. பழகுநர் பெண்ணாயின் அவள் பயிற்சி எங்கே முடிகிறது என்பது மற்றொன்று. 1850ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி 2025ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரையிலான சான்றுகளைக் கொண்டு இவ்விரு வினாக்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1850: மணத்தோடு முடியும் ஒப்பந்தம்

இந்தியாவில் தொழில் பழகுதலைப் பற்றி இயற்றப்பட்ட முதல் பொதுச்சட்டம் 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமாகும். அதற்கு முன்னர்த் தொழிற்கல்வி குடும்பத்திற்குள்ளும் சாதிக்குள்ளும் நிகழ்ந்தது. தந்தை மகனுக்குக் கற்பித்தார். மகளுக்குத் துணைவேலைகள் பழக்கமாயின. நெசவாளர் வீட்டில் நூல் சுற்றியும் பாவுக்கு உதவியும் வளர்ந்த பெண், தறியில் அமர்ந்தவரின் பெயரால் அறியப்பட்டாளேயன்றித் தன் தொழிலின் பெயரால் அறியப்படவில்லை. இதற்கு ஒப்பந்தமும் இல்லை, ஊதியமும் இல்லை.

1850ஆம் ஆண்டுச் சட்டம் இம்மரபுக்குப் புறத்தே நின்ற சிறாரை நோக்கி எழுதப்பட்டது. அறச்சாலைகளில் வளரும் அனாதைகளும் ஏழைச் சிறாரும் தொழில் கற்றுப் பிழைக்க வழி செய்வதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டுக்குக் குறைந்த சிறாரைத் தந்தையோ காப்பாளரோ ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தம் செய்து ஒப்படைக்கலாம். ஒப்பந்தக் காலம் ஏழாண்டுகளுக்கு மிகலாகாது. பெற்றோரால் கைவிடப்பட்ட சிறாருக்கும், நாடோடித் திரிதல் முதலான சிறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட சிறாருக்கும் நீதிபதியே காப்பாளர் நிலையில் நின்று ஒப்பந்தம் செய்யலாம். இக்காரணத்தால் இளங்குற்றவாளிகள் பற்றிய இந்தியச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோரும் இச்சட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். தொழிற்பயிற்சியும் சீர்திருத்தப் பள்ளியும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது இதனால் புலனாகிறது. பழகுநரை உரிமை உடையவராகக் கருதாமல் கருணைக்கு உரியவராகக் கருதும் போக்கு இவ்வேரினின்றே வந்தது எனலாம்.

இச்சட்டத்தில் பெண் குறிப்பாகச் சுட்டப்படும் இடம் ஒன்றுண்டு. ஒப்பந்தம் சிறார்க்கு இருபத்தொரு வயது நிரம்பும் காலத்தைத் தாண்டி நீளலாகாது என்று கூறும் விதி, பெண்ணாயின் அவள் மணநாளைத் தாண்டி நீளலாகாது என்று முடிகிறது. ஆணுக்கு வயது எல்லை. பெண்ணுக்கு மணம் எல்லை. இதனை ஒரு பாதுகாப்பாகவும் கொள்ளலாம். மணமான பெண்ணை ஒப்பந்தக்காரர் பிடித்துவைத்துக்கொள்ள இயலாது. ஆயினும் விதியின் அடியில் கிடக்கும் கருத்து வெளிப்படையானது. பெண்ணின் தொழிற்பயிற்சி, அவள் ஒரு காப்பாளரிடமிருந்து மற்றொரு காப்பாளரிடம் செல்லும் வரையிலான இடைக்காலம் என்பதே அக்கருத்து. கற்ற தொழிலை மணத்துக்குப்பின் அவள் என் செய்வாள் என்று சட்டம் கேட்கவில்லை.

கணவனை இழந்தோர்க்குத் திறந்த வாயில்

பெண்ணின் தொழிற்பயிற்சி மணத்தோடு முடிவதாயின், மணவாழ்வு முடிந்துபோன பெண்ணுக்கு அது மீண்டும் தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது இதுவே. 1866இல் இந்தியா வந்த மேரி கார்பென்டர், பெண் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிகளை அரசு நிறுவ வேண்டும் என்று வற்புறுத்தினார். பள்ளிகள் தோன்றியபோது, பயில வருவோர் யாவர் என்னும் சிக்கல் உடன் எழுந்தது. மணமாகாத பெண் அக்காலச் சூழலில் அரிது. மணமானவள் வெளியே வருவது அதனினும் அரிது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு, பள்ளி ஆசிரியர்களின் மனைவியர் ஆசிரியப் பயிற்சி பெற ஊக்கம் அளிக்க வேண்டும் என்றும், தக்க இடங்களில் கைம்பெண்களுக்குப் பயிற்சி அளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. புனேயில் கார்வே 1896இல் தொடங்கிய கைம்பெண் இல்லமும், சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912இல் தொடங்கிய இல்லமும் இவ்வழியில் வந்தவை. இளமையிலேயே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற பெண்களைப் பயிற்றி ஆசிரியைகளாக்கினார். அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு உரியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குத் திறந்த வாயிலிலும் சாதி காவல் நின்றது.

இதே காலத்தில் ஆலை, இருப்புப்பாதைப் பட்டறை ஆகியவற்றில் உருவான பழகுநர் முறை ஆண்களுக்கே உரியதாயிருந்தது. பீகாரிலுள்ள ஜமால்பூர் இருப்புப்பாதைப் பட்டறை 1862இல் நிறுவப்பட்டது. 1927 முதல் அங்கே 'சிறப்பு வகுப்புப் பழகுநர்கள்' போட்டித் தேர்வின் வழி எடுக்கப்பட்டு உதவித்தொகையுடன் பயிற்றப்பட்டனர். ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பாலை 1921இல் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. இந்தியர்க்கு இடம் வேண்டும் என்பதே இக்காலத்தின் கோரிக்கை. அவ்விந்தியருள் பெண்ணும் உண்டு என்ற நினைவு எவர்க்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்நிலையில் ஜமால்பூர்ப் பட்டறைக்குள் நுழைந்தவர் அ. லலிதா. சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்ற முதற்பெண் அவர். பதினைந்து வயதில் மணம் முடிந்து, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கணவனை இழந்தவர். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர். தந்தை முயன்று, முதல்வர் கே. சி. சாக்கோவின் இசைவும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டேதமின் இசைவும் பெற்றபின் இடம் கிடைத்தது. பின்னர்க் குடிசார் பொறியியலில் பி. கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சேர்ந்தனர். லலிதா 1943இல் படிப்பை முடித்து, செய்முறைப் பயிற்சிக்காக ஜமால்பூர்ப் பட்டறையில் ஓராண்டு பழகுநராக இருந்தார். அவர்கள் பெற்ற பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சுட்டுப்பெயர் பேனாவால் அடிக்கப்பட்டுப் பெண்பாற் சுட்டுப்பெயர் மேலே எழுதப்பட்டது. பின்னாளில் லலிதா கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் பணியாற்றி, பக்ராநங்கல் அணைக்கான மின்தொடர் வேலைகளில் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் பன்னாட்டு மாநாட்டுக்கும் சென்றார்.

லலிதாவின் வாழ்க்கை துணிவுக்குச் சான்றாகப் பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது. அது தகும். எனினும் அமைப்பின் வரலாற்றை நோக்குவோர்க்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. பேராசிரியரின் மகளாக இல்லாத, கணவனை இழக்காத, அதே அறிவுடைய பெண்ணுக்கு 1940களில் பட்டறையின் கதவு திறந்திருக்குமா என்பதே அது. சுப்புலட்சுமியின் மாணவியரும் லலிதாவும் ஒரே விதிக்குள் அடங்குவர். மணவாழ்வு நிலைத்த பெண்ணுக்குத் தொழிற்பயிற்சி தேவையில்லை என்பதே அவ்விதி. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் மண எல்லை, சீர்திருத்தக் காலத்திலும் மறைமுகமாக நின்றது.

1961: மூன்று சட்டங்கள்

விடுதலைக்குப்பின் வந்த 1961ஆம் ஆண்டு இவ்வாய்வில் நடுவிடம் பெறுகிறது. அவ்வாண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. 28ஆம் சட்டம் வரதட்சிணைத் தடைச் சட்டம். 52ஆம் சட்டம் தொழிற்பழகுநர் சட்டம். 53ஆம் சட்டம் மகப்பேற்று நலச் சட்டம். பின்னவை இரண்டும் ஒரே நாளில், 1961 டிசம்பர் 12இல், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றவை. எண் வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை. ஒரே நாளில் பிறந்த இவ்விரட்டையர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை.

52ஆம் சட்டம் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று. மண எல்லை அதனோடு போயிற்று. தொழில் நிறுவனங்கள் குறிக்கப்பட்ட தொழில்களில் பழகுநரை எடுத்தல் கடமையாயிற்று. ஒப்பந்தத்தைப் பதிவுசெய்தலும், உதவித்தொகை வழங்குதலும், பயிற்சியின் முடிவில் தேர்வு நடத்துதலும் விதிக்கப்பட்டன. ஆக்கத்தின் அளவுக்கேற்பப் பணம் கொடுத்தலும் ஊக்க ஊதியத் திட்டங்களில் சேர்த்தலும் பழகுநர் வகையில் 13ஆம் பிரிவால் விலக்கப்பட்டன. பழகுநர் கற்க வந்தவர், உற்பத்தி செய்ய வந்தவர் அல்லர் என்பதே இதன் கருத்து. இதுவரை குறைசொல்ல இடமில்லை.

18ஆம் பிரிவிலேதான் சிக்கல். பழகுநர் பயிற்சி பெறுவோரேயன்றித் தொழிலாளர் அல்லர். தொழிலாளர் தொடர்பான எச்சட்டமும் அவர்க்குப் பொருந்தாது என்று அது கூறுகிறது. உடல்நலம், பாதுகாப்பு, பணியிடை விபத்துக்கான ஈட்டுத்தொகை ஆகியவற்றை வேறு பிரிவுகள் தனியே உறுதிசெய்தன. ஏனையவை கைவிடப்பட்டன. அடுத்த எண்ணுள்ள மகப்பேற்று நலச் சட்டமோ, நிறுவனத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்ணையே பேசிற்று. பழகுநர் பெறுவது கூலியன்று என்று முந்தைய சட்டம் கூறிய நிலையில், பழகுநராகிய பெண் அடுத்த சட்டத்தின் வாயிலில் நிற்கலானாள். 1975இல் டெல்கோ நிறுவனம் தொடர்பான வழக்கில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் கருதும் ஊழியருள் பழகுநர் அடங்கார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழகுதலின் சாரம் கற்றலே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கற்றல் என்னும் சொல்லுக்கு இவ்வளவு விலை உண்டு என்பதை மொழித்துறையினர் எண்ணிப் பார்த்தல் தகும்.

உதவித்தொகை என்னும் சொல்லும் அத்தகையதே. ஊதியம் உழைத்தவர்க்கு உரியது. கூலி கேட்டுப் பெறுவது. உதவி, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. சட்ட நூல்களைத் தமிழாக்கியோர் இவ்வேறுபாட்டைத் திட்டமிட்டுப் படைக்கவில்லை. ஆங்கிலச் சட்டத்தின் உட்கிடையைத் தமிழ் தன் இயல்பால் வெளிப்படையாக்கிவிட்டது.

இடஒதுக்கீட்டில் விடுபட்டோர்

1973இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சியிடங்களை ஒதுக்கிற்று. பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் அப்போதுதான் சட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டனர். 1975 ஜூலை முதல் நாளில் அறிவிக்கப்பட்ட இருபது அம்சத் திட்டத்தின் இருபதாம் அம்சம் இதுவே: வேலைவாய்ப்பும் பயிற்சியும் பெருகுமாறு, குறிப்பாக நலிந்த பிரிவினர்க்கு, பழகுநர் திட்டத்தை விரிவாக்குதல். நெருக்கடி நிலையின் நடுவே வந்த அறிவிப்பு ஆதலால், வரலாற்றாசிரியர் பலர் இவ்வம்சத்தைக் கடந்து சென்றுவிட்டனர். 2007இல் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கும் இடஒதுக்கீடு வந்தது.

இவ்விரண்டு ஒதுக்கீட்டுப் பிரிவுகளிலும் மகளிர் ஒரு பிரிவாகக் குறிக்கப்படவில்லை. 1974 டிசம்பரில் 'சமத்துவத்தை நோக்கி' என்னும் புகழ்பெற்ற அறிக்கை இந்தியப் பெண்களின் நிலையை விரித்துரைத்தது. 1977இல் சுவீடன் நாட்டின் உதவியோடு மகளிர்க்கான தனித் தொழிற்பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. ஆனால் இவை தனித்தடமாகவே ஓடின. தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்கள் பெரும்பாலும் தையல், சுருக்கெழுத்து முதலான பிரிவுகளில் சேர்க்கப்பட்டனர். ஆலைகளில் பழகுநர் இடங்களோ, அந்தந்தத் தொழிலில் அங்கே வேலை செய்யும் திறன்பெற்ற தொழிலாளர் எண்ணிக்கைக்கு விகிதமாகக் கணக்கிடப்பட்டன. பொருத்துநர், கடைசல்காரர், மின்பணியாளர் ஆகியோர் மிகுந்த ஆலையில் அவ்விடங்களும் மிகும். பெண்கள் ஏற்கெனவே இல்லாத தொழில்களில்தான் பயிற்சியிடங்கள் பெருகின. ஒதுக்கீடின்மையை விட இக்கணக்கு முறையே பெண்களை மிகுதியும் வெளியே நிறுத்தியது எனலாம். நேற்றைய தொழிலாளரின் உருவத்தை நாளைய பழகுநர் மேல் அச்சிடும் முறை அது. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கீடு உண்டு. ஆயின் அவள் தையல் கற்றவளாயின், அவ்வொதுக்கீட்டைப் பயன்படுத்தும் ஆலை அவளுக்கு அருகில் இல்லை.

பயிற்சிக்குப்பின் வேலை தரும் கடமை நிறுவனத்திற்கு இல்லை என்பது 22ஆம் பிரிவு. 1995இல் உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏனைய தகுதிகள் ஒத்திருப்பின் பயிற்சி பெற்ற பழகுநர்க்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. இத்தீர்ப்பு பொதுத்துறைப் பழகுநர் பலர்க்குப் பயன்பட்டது.

சுமங்கலி

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற பழகுநர் ஒருபுறமிருக்க, நிறுவனங்கள் தம் நிலையாணைகளின்படி அமர்த்திக்கொள்ளும் பழகுநரும் உண்டு. மேற்கூறிய பாதுகாப்புகளும் இவர்க்கு இல்லை. இவ்விடைவெளியில் வளர்ந்ததே கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம். நிலைத்த தொழிலாளராகவும் சங்கத்தினராகவும் இருந்த ஆண்களின் இடத்தில், ஆலைகள் இளம்பெண்களை அமர்த்தத் தொடங்கின. மதுரை, தேனி, விருதுநகர், நெல்லை முதலான மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து, தரகர் வழியாகப் பதின்பருவப் பெண்கள் அழைத்துவரப்பட்டனர். பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர், ஏனையோரும் நிலமற்றவர். ஆலை வளாகத்துள்ளேயே விடுதி. மூன்றாண்டு ஒப்பந்தம். நாட்கூலி சிறிது, அதிலும் உணவுச் செலவு கழியும். மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை ஒரு மொத்தத் தொகை. இடையில் நோயுற்றோ மனம் சலித்தோ வெளியேறினால் அத்தொகை கிட்டுவது அரிது.

அத்தொகை திருமணத்திற்கு உரியது என்று விளம்பரங்கள் வெளிப்படையாகவே கூறின. பெயர்களும் அதற்கேற்பவே அமைந்தன. கணவன் உயிரோடிருக்கும் பெண்ணே சுமங்கலி. நூற்றாண்டின் தொடக்கத்தில் கைம்பெண்ணுக்குத் திறந்த பயிற்சியின் வாயில், நூற்றாண்டின் முடிவில் சுமங்கலியாக வேண்டிய பெண்ணுக்குத் திறந்தது. இரு இடங்களிலும் பெண்ணின் மணநிலையே பயிற்சிக்குக் காரணம் கூறிற்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சுப்புலட்சுமியின் மாணவி பயிற்சி முடிந்து ஆசிரியையானாள். சுமங்கலித் திட்டத்தில் மூன்றாண்டு 'பழகிய' பெண், ஒப்பந்தம் முடிந்த நாளில் வெளியே அனுப்பப்பட்டாள். அவளிடத்தில் புதிய பழகுநர் வந்தாள். அறுந்த இழையைப் பிணைத்தலும், நிறைந்த நூற்கண்டுகளைக் கழற்றி மாற்றுதலும் சில மாதங்களில் கைவரும் வேலைகள். எஞ்சிய காலம் முழுதும் அவள் செய்தது உற்பத்தியே. சட்டம் உற்பத்தியையும் பயிற்சியையும் பிரித்துவைத்ததோ அவள் பொருட்டு. அப்பிரிவின் பயனோ ஆலைக்குச் சென்றது.

1961ஆம் ஆண்டின் மூன்று சட்டங்களும் இங்கே ஒருங்கே தோற்றன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, வரதட்சிணை சேமிப்பதற்கான வேலை என்று ஆலைகள் விளம்பரம் செய்தன. கற்பதற்கென்று வகுக்கப்பட்ட பழகுநர் என்னும் பெயர், குறைந்த கூலிக்கு மறுபெயராயிற்று. மகப்பேற்று நலமோ, மணமானவுடன் வெளியேறுவாள் என்னும் ஏற்பாட்டால் எழவே வழியின்றிப் போயிற்று. 1850ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி, 1961ஆம் ஆண்டுச் சட்டம் அழித்த மண எல்லை, எந்தச் சட்டத்தின் துணையுமின்றி ஆலை வாயிலில் மீண்டும் எழுதப்பட்டது.

தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் எதிர்த்தன. 2008இல் தமிழக அரசு நூற்பாலைப் பழகுநர்க்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. பழகுநர் என்னும் சொல்லுக்கு அருகே கூலி என்னும் சொல்லை அரசாணை வைத்தது சிறு செய்தியன்று. 2011 மே மாதத்தில் நெதர்லாந்து நாட்டின் இரு ஆய்வமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, இவ்வாலைகளின் நூலால் ஆடை நெய்து விற்கும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களைக் கேள்விக்குள்ளாக்கிற்று. அதன்பின் சுமங்கலி என்னும் பெயர் பல ஆலைகளில் மறைந்தது; வளாக விடுதி மறையவில்லை. 2014க்குப்பின் தீனதயாள் உபாத்தியாய ஊரகத் திறன் திட்டத்தில் தையற்பயிற்சி பெற்ற ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அனுப்பப்படலாயினர். தேனியிலிருந்து கோவைக்கு வந்த பெண் ஞாயிறன்று தாயைக் காணலாம். சுந்தர்கரிலிருந்து வந்தவளுக்கு அதுவும் இல்லை.

கூலியினின்று பிரிந்த உதவித்தொகை

2014ஆம் ஆண்டுத் திருத்தம் பழகுநர் முறையை மிகவும் விரிவாக்கிற்று. பொறியியல் சாராத பட்டதாரிகளும் சேர்க்கப்பட்டனர். நிறுவனமே வகுத்துக்கொள்ளும் தொழில்களிலும் பயிற்சி தரலாம் என்றாயிற்று. விதி மீறிய முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டது. தொழில்வாரி விகிதம் போய், மொத்தப் பணியாளரில் ஒரு விழுக்காட்டு எல்லை வந்தது. மேலே சுட்டிய கணக்கு முறையின் இறுக்கம் இதனால் தளர்ந்தது. பெண்களுக்கு இது நன்மையே. அவ்வாண்டு விதிகள் மற்றொரு நன்மையும் செய்தன. பகுதித்திறன் தொழிலாளர்க்கு மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியில் முதலாண்டு 70, இரண்டாமாண்டு 80, மூன்றாமாண்டு 90 விழுக்காடு உதவித்தொகையாக வேண்டும் என்றன. உதவித்தொகைக்குக் கூலியோடு ஓர் உறவு ஏற்பட்டது. விலைவாசியோடு கூலி உயர, உதவித்தொகையும் உயரும்.

இவ்வுறவு ஐந்தாண்டுகளே நீடித்தது. 2019ஆம் ஆண்டு விதிகள் விழுக்காட்டை நீக்கிக் கல்வித்தகுதிக்கேற்ற நிலைத்த தொகையை வைத்தன. ஐந்தாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடைப்பட்ட கல்வியுடையார்க்கு மாதம் 5,000 ரூபாய். பட்டதாரிக்கு 9,000 ரூபாய். முப்பதோ அதற்கு மேற்பட்டோ பணியாளரைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பழகுநரை எடுத்தல் கடமையாக்கப்பட்டு, மேல் எல்லை 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இடங்கள் பெருகின, தொகை உறைந்தது. 2025 மே மாதத்தில் மையப் பழகுநர் மன்றம் அதனை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்துமாறு பரிந்துரைத்தது. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் வாடகையும் பேருந்துக் கட்டணமும் உறைந்து நிற்கவில்லை. ஊரில் தங்கிச் செல்லும் ஆணுக்கும், பாதுகாப்பான விடுதி தேடி நகரில் தங்க வேண்டிய பெண்ணுக்கும் ஒரே 5,000 ரூபாய் ஒரே மதிப்புடையதன்று. வீட்டாரிடம் பணம் கேட்டுப் பழகுநராக வேண்டிய நிலை வரின், முதலில் நிறுத்தப்படுபவள் மகளே.

2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயம். பெரிய நிறுவனங்கள் ஐந்நூற்றில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்க்குப் பயிற்சி என்பது அதன் இலக்கு. தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாயில் 4,500 அரசு தரும், 500 நிறுவனம் தரும் என்று வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய். 21 முதல் 24 வரை வயதுடையோர்க்கு உரியதாக அத்திட்டம் தொடங்கிற்று. உயர்கல்வி நிறுவனங்கள் சிலவற்றின் பட்டதாரிகளை விலக்கி, எளிய குடும்பத்தினர்க்கு இடமளித்தது பாராட்டத்தக்கது. அவ்வயதெல்லை, இந்தியச் சிற்றூர்களில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதும் ஆகும் என்பதைத் திட்டம் வகுத்தோர் எண்ணினரோ, அறியக்கூடவில்லை. உழைப்பின் பயனைப் பெறும் நிறுவனம் பத்தில் ஒரு பங்கே தருகிறது. எஞ்சியது அரசின் உதவி. பழகுநர்க்கும் நிறுவனத்திற்கும் இடையே கூலி உறவு இன்னும் மெலிகிறது. 2023 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஏற்ற 208ஆம் பரிந்துரை, பழகுநர்க்குப் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்று கூறுகிறது. பரிந்துரையாதலின் அது எந்நாட்டையும் கட்டுப்படுத்தாது.

2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1961ஆம் ஆண்டு 53ஆம் சட்டமாகிய மகப்பேற்று நலச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கி மறைந்தது. அதனோடு ஒரே நாளில் பிறந்த 52ஆம் சட்டம் எத்தொகுப்பிலும் சேர்க்கப்படாமல் தனித்து நிற்கிறது. ஊதியத் தொகுப்பு ஊழியர் என்பதற்கு வரையறை கூறுமிடத்தில், அச்சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட பழகுநர் நீங்கலாக என்று ஓர் அடைப்புக்குறிக்குள் எழுதியுள்ளது.